எஸ்பிளனேடு டிராம் நிலையம்

இன்று கொல்கத்தா எனப் பெயர் பெற்றுள்ள கல்கத்தாவிற்குப் பிழைப்பு நாடி வந்த தமிழர்க்கு, முன்னரே வந்தவர்கள் கூறும் அறிவுரை ஒன்றுண்டு: “வழி தவறினால் எஸ்பிளனேடு சேருங்கள், அங்கிருந்து எத்திசைக்கும் வண்டி கிடைக்கும்.” 1979இல் எனக்கும் இவ்வறிவுரை கிடைத்தது. வங்காளியர் தர்மதலா என வழங்கும் அவ்விடத்து டிராம் நிலையம், மொழியறியாத எனக்கு அந்நாளில் நகரத்தின் தலைவாயிலாக விளங்கிற்று.

இந்நகரில் டிராமின் வரலாறு தோல்வியிலே தொடங்கியது. 1873 பிப்ரவரி 24 அன்று, சியால்தாவிலிருந்து கங்கைக்கரையின் ஆர்மீனியன் படித்துறைவரை குதிரைகள் இழுத்த டிராம் ஓடியது. பாதையின் நீளம் 2.4 மைல். போதிய பயணிகள் இன்மையால் அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுபோயிற்று. ஏழாண்டுகள் கழித்து, 1880இல், புதிய கம்பெனி ஒன்று அதற்கு மறுவாழ்வு அளித்தது. குதிரைகளுக்குப் பின் மின்சாரம் வந்தது. 1902 மார்ச் 27 அன்று கல்கத்தாவின் முதல் மின்சார டிராம் எஸ்பிளனேடிலிருந்து கிதிர்ப்பூருக்குப் புறப்பட்டது. அடுத்த சில மாதங்களில் காளிகட்டத்திற்கும் பாதை திறக்கப்பட்டது. துறைமுகத் தொழிலாளியும் காளி கோயில் அடியாரும் ஒரே நிலையத்தில் வண்டி ஏறலாயினர்.

மின்சார டிராமில் நம் சென்னை மூத்தது. அங்கே 1895இலேயே அது ஓடத் தொடங்கிவிட்டது. ஆயினும் கம்பெனி நட்டத்தில் மூழ்க, 1953 ஏப்ரலில் சென்னைத் தெருக்களில் டிராம் மணியோசை அடங்கியது. அதே ஆண்டு ஜூலையில் கல்கத்தாவில் நிகழ்ந்தது வேறு. இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரு பைசா, அதாவது நம் பழைய கணக்கில் காலணா, உயர்த்தப்பட்டதும் நகரமே கிளர்ந்தெழுந்தது. மறியலும் கடையடைப்பும் தடியடியும் துப்பாக்கிச் சூடும் கண்டபின் அவ்வுயர்வு கைவிடப்பட்டது. காலணாவிற்கு இத்துணைப் போராட்டமா என வியப்போர் உளர். நாள்தோறும் இருமுறை காலணாவை எண்ணிக் கொடுப்பவன் அதன் எடையை அறிவான்.

அந்த இரண்டாம் வகுப்பை நான் நன்கறிவேன். முன்பெட்டி முதல் வகுப்பு. அங்கே மின்விசிறி சுழலும். பின்பெட்டியில் விசிறி கிடையாது. ஆயினும் மாதக் கடைசியில் எங்களைப் போன்ற எழுத்தர்கள் பின்பெட்டியையே நாடுவோம். கூலியாட்களும் கூடைக்காரப் பெண்களும் எங்களுக்குச் சற்று இடம் ஒதுக்கித் தருவர். நான் கற்ற வங்காளத்தில் பாதி அவர்கள் தந்தது. கிதிர்ப்பூர் வண்டி மைதானத்துப் புல்வெளியினூடே செல்லும்போது காற்று தாராளமாக வீசும், அதற்குக் கட்டணமில்லை.

1984 அக்டோபர் 24 அன்று நாட்டின் முதல் பாதாள ரயில் எஸ்பிளனேடிலிருந்து பவானிப்பூருக்கு ஓடிற்று. 2024இல் கங்கைக்கு அடியிலேயே ரயில் புகுந்து ஹௌராவை எட்டியது. 2025 ஆகஸ்டில் எஸ்பிளனேடும் சியால்தாவும் நிலத்தடியில் இணைந்தன. குதிரைகள் சியால்தாவையும் ஆற்றங்கரையையும் இணைக்க முயன்ற அதே வேட்கையை இன்று சுரங்கம் நிறைவேற்றுகிறது. இதில் மகிழாதார் யார்?

ஆயின் 2024 செப்டம்பரில் மற்றோர் அறிவிப்பும் வந்தது. எஸ்பிளனேடு–மைதானம் பாதையைப் பழம்பெருமைச் சின்னமாக வைத்துக்கொண்டு ஏனைய டிராம்களை நிறுத்திவிடலாம் என்பது மாநில அரசின் முடிவு. நெரிசலான சாலையில் டிராம் பிற வண்டிகளைத் தாமதப்படுத்துகிறது என்பது அரசு தரப்பு வாதம். அதனை முற்றும் மறுப்பதற்கில்லை. சாலை குறுகியது, வண்டிகளோ பெருகிவிட்டன. எனினும் புகை கக்காத, பலரை ஒருங்கே சுமக்கும் ஊர்தியை விலக்கிவிட்டு ஒருவர் இருவர் செல்லும் கார்களுக்கு வழிவிடுவது முறைதானா? உல்லாசப் பயணிக்காக ஓடும் வண்டியில் கூடைக்காரிக்கு என்ன வேலை? ஊர்தி காட்சிப்பொருளாகும்போது முதலில் இறக்கிவிடப்படுபவர் பின்பெட்டிக்காரரே.

ஒருமுறை நின்ற டிராம் இந்நகரில் மீண்டும் ஓடியதுண்டு. சென்னைக்கோ அந்தப் பேறு வாய்க்கவில்லை. அந்த இழப்பை அறிந்த நாம், டிராமைக் காக்க முனைந்துள்ள வங்காள அன்பர்களோடு குரல் சேர்த்தல் தகும். வந்தேறிய நம்மை வழியறியச் செய்த நிலையத்திற்கு நாம் ஆற்றவேண்டிய கடன் அது.