நான் கொடுத்த தாள்

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்கு ஒன்பது ஆண்டுகள் வகுப்பு எடுத்தேன். கட்டுரைப் பயிற்சியின் முதல் நாளே எல்லார் கையிலும் ஒரு தாள் கொடுப்பேன். ‘ஃபர்ஸ்ட் ஆஃப் ஆல்’, ‘மோர்ஓவர்’, ‘லாஸ்ட் பட் நாட் லீஸ்ட்’ என்று 24 தொடர்கள். எந்தக் கருத்தையும் இதில் ஒன்றைப் போட்டுத்தான் தொடங்க வேண்டும் என்பேன். ஒரு வழிகாட்டி நூலைப் பார்த்து எழுதிய தாள் அது. நான் சரிபார்த்ததில்லை.

2019இல் ஒரு செவிலியர் சேர்ந்தார். இரவுப் பணி முடித்து நேராக வகுப்புக்கு வருவார். பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய எழுத்தில் 6.5, வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7 வேண்டும். முதல் வாரம் முதியோர் இல்லங்களைப் பற்றி எழுதச் சொன்னேன். படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், வேலைக்குப் போகும் மகள் அதை எப்படிச் செய்வாள் என்று கேட்டிருந்தார். ஒரு வாக்கியம் அடுத்ததைக் கைபிடித்து அழைத்து வந்தது. என் தாளிலிருந்த தொடர் ஒன்றுகூட இல்லை. நல்ல கட்டுரை என்று அன்றே தெரிந்தது. தெரிந்தும் எட்டு இடங்களில் சிவப்பு மையால் தொடர்களைச் செருகினேன். 40 நிமிடத்துக்குள் முடிய வேண்டுமே என்று அந்த மகளைப் பற்றிய வரிகளை அடித்தேன்.

அடுத்த மாதம் அவர் எழுந்து கேட்டார். “சார், ‘ஆன் தி அதர் ஹேண்ட்’டும் ‘ஆன் த கான்ட்ரரி’யும் ஒண்ணா? ரெண்டாவது, முன்னாடி சொன்னதே தப்புன்னு மறுக்கிற மாதிரி இருக்கே?”

அவர் சொன்னது சரி. முன்னது இன்னொரு பக்கத்தையும் எடுத்து வைக்கும். பின்னது முன் சொன்னதை மறுக்கும். அன்று எனக்கு அது உறுதியாகத் தெரியாது. இருபது பேர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாளை பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம். வாய் வரவில்லை.

“ரெண்டும் ஒண்ணுதாம்மா. எழுதிக்கோங்க.”

எழுதிக்கொண்டார். அதன்பின் அவர் வகுப்பில் கேள்வி கேட்கவில்லை.

தாளில் வேறு பிழைகளும் இருந்தன. “முதலில் பயந்தேன், பிறகு பழகிவிட்டது” என்பதிலும் “முதலில் செலவைப் பார்ப்போம்” என்பதிலும் நமக்கு ஒரே ‘முதலில்’தான். ஆங்கிலத்தில் முன்னதற்குத்தான் ‘அட் ஃபர்ஸ்ட்’ பொருந்தும். ‘அட் லாஸ்ட்’ என்பது நெடுநேரம் காத்திருந்து பேருந்து வந்ததும் ‘ஒருவழியாக வந்தது’ என்கிறோமே, அது. முதல் கருத்தைத் தொடங்க ‘அட் ஃபர்ஸ்ட்’டையும் கடைசிக் கருத்தைத் தொடங்க ‘அட் லாஸ்ட்’டையும் போடச் சொன்னவன் நான். எத்தனை பேர் போட்டார்களோ.

அந்தச் செவிலியருக்கு எழுத்தில் 6 வந்தது. நகையை அடகு வைத்து மறுபடி எழுதினார். மறுபடியும் 6. தேர்வுத்தாளைத் திருப்பித் தரமாட்டார்கள். எங்கே சறுக்கியது என்று யாராலும் காட்ட முடியாது. அந்த மறைப்பில் நின்றுகொண்டுதான் “இன்னும் பயிற்சி போதலைம்மா” என்று போனில் சொன்னேன். “சரிங்க சார்” என்றார்.

பிறகுதான் மதிப்பெண் விளக்கப் பட்டியலை முழுதாகப் படித்தேன். பொதுவில் கிடைப்பதுதான். இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் போடுவது 5ஆம் மதிப்பெண் படியின் குறை. இயந்திரத்தனமான இணைப்பு 6ஆம் படியின் குறை. 9ஆம் படியில் இணைப்பு இருப்பதே அநேகமாகக் கண்ணில் படாது. அவருடைய முதல் கட்டுரை நினைவுக்கு வந்தது. அது 9 பெற்றிருக்கும் என்று சொல்ல மாட்டேன். இலக்கணப் பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்துவதுதான் என் வேலை. அதைச் செய்யவில்லை. சரியாக இருந்ததைக் கெடுத்தேன்.

தாளைக் கிழித்தேன். அடுத்த குழுவுக்கு வேறு மாதிரி நடத்தினேன். ஏன் மாற்றினேன் என்று அவர்களிடம் சொல்லவில்லை. பழைய மாணவர்கள் யாரையும் அழைக்கவில்லை. பெயர் கெட்டுவிடும் என்ற பயம்.

அவர் மூன்றாம் முறை எழுதவில்லை. பழைய மருத்துவமனையிலேயே இரவுப் பணி பார்க்கிறார். அவர் எண் என்னிடம் இருக்கிறது. பிழை உங்களுடையதல்ல என்று இன்னும் சொல்லவில்லை.