பெஞ்சில் இருந்தவர்

2006 ஜூன் 13. உலகக் கோப்பைக் கால்பந்தில் பிரான்ஸ்–சுவிட்சர்லாந்து ஆட்டம் நம் நேரத்துக்கு இரவு ஒன்பதரை மணிக்கு. குருசுக்குப்பத்தில் எங்கள் தெருவின் சொல்தா வீடு ஒன்றில் டீவியைத் திண்ணைக்கே தூக்கிவந்து வைத்திருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு வந்த மனிதர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். அந்த வீடுகளில் பிரான்ஸ் தோற்றால் மறுநாள் காலை காப்பிகூடக் கசக்கும்.

கோல் விழவே இல்லை. ஆட்டம் முடியச் சில நிமிடமே இருக்கும்போது பிரான்ஸ் பக்கம் குள்ளமாக, மாநிறமாக ஒருவர் இறங்கினார். விகாஷ் தொராசூ. "தம்பி, அது நம்மாளு!" என்றார் சொல்தா தாத்தா.

நம்மாள் என்பது கொஞ்சம் இழுத்துப் பிடித்த உறவுதான். கரும்புக்காட்டு வேலைக்கு மொரீசியஸ் போன தெலுங்கர்களின் வழிவந்த குடும்பம் அவருடையது. பிறந்தது 1973இல், பிரான்சில் லெ ஆவ்ர் துறைமுகத்தை ஒட்டிய ஆர்ஃப்லரில். ஆனால் பிரெஞ்சு நேஷனாலிட்டியும் இந்திய முகமும் ஒரே ஆளிடம் இருந்தால் எங்கள் ஊருக்கு அதற்குமேல் அத்தாட்சி வேண்டாம்.

லெ ஆவ்ரில் தொடங்கி லியோனுக்குப் போய், 2003, 2004 இரண்டு ஆண்டும் லீக் பட்டம் வென்றார். அடுத்து ஏசி மிலான். 2005இல் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், மூன்று கோல் முன்னணியை மிலான் கோட்டைவிட்டதை பெஞ்சிலிருந்து பார்த்தார். பிறகு பாரிஸ் சேன் ஜெர்மேன். 2006 ஏப்ரலில் மார்செய்க்கு எதிரான பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டத்தில் தூரத்திலிருந்து அவர் அடித்த கோல்தான் வெற்றி கோல். அந்தச் சூட்டோடு உலகக் கோப்பைக்குப் போனார். அங்கே கிடைத்தது சுவிட்சர்லாந்து, தென் கொரியா ஆட்டங்களின் கடைசி நிமிடங்கள் மட்டும். பிரான்ஸ் இறுதியாட்டம் வரை போனது. அந்த இரண்டு ஆட்டத்துக்குப் பிறகு அவர் பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.

அந்த ஒரு மாதத்தை அவர் படம் பிடித்தார். நண்பர் ஃபிரெத் பூலே கொடுத்த சூப்பர் 8 கேமராவில் ஹோட்டல் அறையையும், ஜன்னலையும், தன் முகத்தையும் எடுத்தார். 2007இல் 'சப்ஸ்டிட்யூட்' என்று படமாக வந்தது. அதில் ஆட்டம் குறைவு, காத்திருப்பு அதிகம். அணி ஜெயிக்கிறது, எனக்கோ சந்தோஷமில்லை என்பதை எந்த ஆட்டக்காரர் வெளியே காட்டுவார்?

சொல்தா தாத்தாவுக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. "உக்காருன்னா உக்காரணும். கேமராவ யாரு தூக்கச் சொன்னா?" பட்டாளத்து நியாயம். போதாததற்கு, பயிற்சியாளரோடு மோதியதால் 2006 அக்டோபரில் பாரிஸ் கிளப் அவரை வேலையை விட்டே நீக்கியது தாத்தாவின் கட்சிக்கு வலு சேர்த்தது. அடுத்து இத்தாலியின் லிவோர்னோவில் சேர்ந்தும் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் முடிந்தது. பிரான்சுக்காக மொத்தம் 18 ஆட்டம்.

நான் தாத்தாவின் கட்சி இல்லை. கோப்பை வாங்கியவர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒவ்வொரு அணியிலும் பாதிப்பேருக்கு மேல் தொழில் என்பதே வார்ம்-அப் செய்துவிட்டுத் திரும்ப உட்காருவதுதான். எங்கள் குப்பத்துப் பையன்களுக்கு அந்த பெஞ்சும் எட்டாது, ஆட இடமே இல்லை. 1980களில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் போட்டபின் வடக்கே மணல் வரத்து நின்று கரை கரைந்தது. பந்து ஆடிய இடத்தில் இன்று கருங்கல் குவியல்.

2020இல் தொராசூ பாரிஸ் மாநகராட்சித் தேர்தலில் இடதுசாரிகள் பக்கம் நின்று தோற்றார். தாத்தா இருந்திருந்தால், "அங்கயும் அடங்க மாட்டானா?" என்று கேட்டிருப்பார். ஓட்டு இருந்திருந்தால் நான் போட்டிருப்பேன்.