அன்லிமிடெட் என்றால் எவ்வளவு?



இந்த மாதம் மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். "சார், வீட்டுக்கு ஃபைபர் போடப் போறோம். லிமிட் உள்ளதைப் போடவா, அன்லிமிடெட் போடவா?" முப்பது வருஷம் கணக்கு நடத்தியவனிடம் கேட்டால் கணக்காகத்தான் பதில் வரும். ஆளாளுக்குப் ஃபோனில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அலகு. விளம்பரத்தில் 30 எம்.பி.பி.எஸ். என்று போட்டிருப்பார்கள். "அது டாக்டர் படிப்புல்லா?" என்று கேட்டார்கள் எங்கள் மதினி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், என்ன செய்ய! இது வேகம். ஒரு நொடிக்கு 30 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே எட்டால் வகுங்கள்: நொடிக்கு 3.75 எம்.பி. இது குழாயின் அகலம். ஜிபி என்பது மாதத்துக்கு நமக்கு ஒதுக்கிய தண்ணீரின் அளவு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பேர் தேவையில்லாமல் பணம் கட்டுகிறார்கள்.

அடுத்து அந்த அன்லிமிடெட். 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் வந்தபோது ஒவ்வொரு திட்டத்துக்கும் இத்தனை ஜிபி என்று அளவு இருந்தது. மறுவருஷம் ஊரடங்கில் வீடே பள்ளிக்கூடமாகவும் ஆபீசாகவும் ஆனது. 2020 செப்டம்பரில் அவர்களே 399 ரூபாய்க்கு 30 எம்.பி.பி.எஸ்., அன்லிமிடெட் என்றார்கள். அடுத்த மாதம் பி.எஸ்.என்.எல். 449 ரூபாய்க்கு அதே வேகம் கொடுத்தது. ஆனால் அதில் ஒரு வரி இருந்தது: 3300 ஜிபி வரை இந்த வேகம், அதற்கு மேல் 2 எம்.பி.பி.எஸ். ஜியோவின் அன்லிமிடெட்டுக்குள்ளும் நிபந்தனைகளில் அதே 3300 உண்டு. ஆக, அன்லிமிடெட்டுக்கும் லிமிட் இருக்கிறது. சின்ன எழுத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

கோபப்படுவதற்கு முன்னால் வகுத்துப் பாருங்கள். 3300-ஐ 30 நாளால் வகுத்தால் ஒரு நாளைக்கு 110 ஜிபி. எச்.டி. தரத்தில் படம் பார்த்தால் மணிக்குச் சுமார் 3 ஜிபி ஆகும். 110 ஜிபிக்கு 36 மணி நேரம் பார்க்கலாம். நாளுக்கு 24 மணி நேரம்தானே! வீட்டில் நாலு பேர் ஆளுக்கொரு திரையில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்தால்தான் தீரும். அப்படி ஒரு வீடு இருந்தால் அங்கே பிரச்சினை பிராட்பேண்ட் இல்லை.

பிறகு ஏன் அந்த லிமிட்? ஆற்றுப் பாசனம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது எளிது. கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். தலைமடைக்காரன் இரவு பகல் மடையை மூடாமல் வைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. அதனால்தான் முறை வைத்து விடுகிறார்கள். ஃபைபரிலும் அதே கதைதான். பெரும்பாலான ஊர்களில் இருக்கிற முறையில், எக்ஸ்சேஞ்சிலிருந்து புறப்படும் ஓர் இழை நொடிக்குச் சுமார் 2500 மெகாபிட் கொண்டுவரும். அதைப் பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்குக் கொடுப்பார்கள். 64 வீட்டுக்கும் 100, 100 என்று விற்றால் 6400 வேண்டும். இருப்பது 2500. எல்லோரும் ஒரே நேரத்தில் திறக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஓடுகிறது. 3300 என்ற லிமிட் நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை, மடையை மூடாத அந்த ஒரு ஆளுக்கு.

அப்படியானால் லிமிட்டைப் பற்றிக் கவலையே வேண்டாமா? பெரிய லிமிட்டுக்கு வேண்டாம். சின்ன லிமிட்டுக்குக் கட்டாயம் வேண்டும். மாதம் 10 ஜிபி, 20 ஜிபி என்று 300 ரூபாய்க்குள் திட்டங்கள் இருந்திருக்கின்றன.

ஸ்ரீவைகுண்டம் பக்கம் இருக்கிற என் பழைய மாணவி ஒருத்தி தையல் வேலை செய்கிறாள். மகள் ப்ளஸ் டூ, நீட்டுக்கும் வீடியோவில்தான் பாடம். 299 ரூபாய்க்கு 20 ஜிபி போட்டிருந்தாள். சாதாரணத் தரத்தில் பார்த்தாலும் மணிக்கு ஏறக்குறைய ஒரு ஜிபி. தினம் நாலு மணி நேரம் என்றால் ஐந்தாவது நாள் தீர்ந்துவிடும்.

"அதான் சார், ஒரு பாடத்தை ஒரு தடவைக்கு மேல பாக்காதேன்னு பிள்ளைட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. "புரியலைன்னா மறுபடி கேளு" என்று எத்தனை ஆயிரம் தடவை வகுப்பில் சொல்லியிருப்பேன்! இவளிடமும் சொல்லியிருப்பேன். வாத்தியாருக்குக்கூட மூன்றாம் தடவை எரிச்சல் வரும், வீடியோவுக்கு வராது. அதில் இருக்கிற ஒரே பெரிய நன்மையே அதுதான். அதையும் எண்ணி எண்ணிச் செலவழிக்கிறது பிள்ளை.

299-க்கும் 449-க்கும் வித்தியாசம் 150. பதினெட்டு சதவீத வரியோடு 177. அவளுக்கு அது சின்னத் தொகை இல்லை, ரவிக்கை தைத்த கூலி. ஆனாலும் "இதுல மட்டும் சிக்கனம் பாக்காதம்மா" என்றேன். மாற்றினாள். இப்போது மகள் ஒரே பாடத்தை மூன்று தடவை பார்க்கிறாளாம்.

நேர் எதிர்க் கதை கல்லிடைக்குறிச்சியில். முன்னே சொன்ன மதினி தனியாக இருக்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கிற பையன்கள் இரண்டு பேரும் 999 ரூபாய்த் திட்டம்தான் போட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். "தம்பி, நான் என்னத்தப் பாக்கப் போறேன், நீயே சொல்லு" என்றார்கள் மதினி. உட்கார்ந்து எழுதினேன். இரவு ஒரு மணி நேரம் வீடியோ கால், தாராளமாக ஒரு ஜிபி என்றே வைப்போம். மாதம் 30. இரண்டு மணி நேரம் சீரியல், மாதம் 180. மொத்தம் 210 ஜிபி. 3300-இல் பதினைந்தில் ஒரு பங்கு. ஒரு ஆளுக்கு 30 எம்.பி.பி.எஸ். போதும். 999 வரியோடு 1179, 449 வரியோடு 530. மாதம் 649, வருஷத்துக்கு 7788 ரூபாய். பையன்களே, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். அந்தப் பணத்தை அம்மாவின் மருந்துக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று விளம்பரத்தில் வராது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. கரண்ட் இல்லை, ஃபோன் இல்லை. வெளியூர்ப் பிள்ளைகள் இங்கே பெற்றவர்கள் இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்தார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் லிமிட்டாவது அன்லிமிட்டாவது! அறுந்த இழையை ஒட்டிக் கொடுக்க மிஷினோடு வருகிற ஆள்தான் முக்கியம். ஆகவே தெருவில் ஏற்கெனவே கனெக்‌ஷன் வைத்திருப்பவரிடம், "லைன் போனா எத்தன நாள்ல வாராங்க?" என்று கேளுங்கள். சாதாரண மின்தடைக்கு, வைஃபை பெட்டிக்கென்றே சின்ன பேட்டரி யு.பி.எஸ். விற்கிறார்கள். முதியவர்கள் தனியாக இருக்கிற வீட்டில் கட்டாயம் வாங்கி வையுங்கள்.

சுருக்கமாக, பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை:

1. அன்லிமிடெட் என்றால் எத்தனை ஜிபி வரை முழு வேகம்?

2. அதற்குப் பிறகு என்ன வேகம்? 2023 ஜனவரி முதல் நம் நாட்டில் குறைந்தது 2 எம்.பி.பி.எஸ். இருந்தால்தான் பிராட்பேண்ட் என்று பெயர். ஒரு ஆள் பாடம் பார்க்க அது சமாளிக்கும், இரண்டு பேருக்கு இழுக்கும்.

3. வரியோடு மாதம் எவ்வளவு? பெட்டிக்கும் இணைப்புக்கும் தனியாக உண்டா?

4. லைன் போனால் யார் வருவார்கள், எப்போது?

நான் எழுதிய விலைகள் மாறிக்கொண்டே இருக்கும், அன்றைக்கு விசாரித்துக்கொள்ளுங்கள். வகுத்தல் மாறாது. உங்கள் வீட்டில் எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று கீழே எழுதினால் நானே கணக்குப் போட்டுத் தருகிறேன். படிக்கிற பிள்ளை இருக்கிற வீடு என்றால் அதை முதலில் எழுதுங்கள்.

எல்லோரும் நல்லா இருங்க.