மலை மேலிருந்து ஒரு மிஸ்டு கால்

குற்றாலத்துக்கு ஒரு தடவையாவது போனவர்களுக்கு 'ஆர்ச்' என்றால் தெரிந்திருக்கும். மெயின் அருவியில் இருக்கும் வளைவுதான் அது. தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் போலீஸ்காரர் விசில் ஊதிவிடுவார். எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்பவர் அப்படியே திரும்ப வேண்டியதுதான் :-)

யோசித்துப் பார்த்தால் அந்த ஆர்ச்சும் ஒரு அளவுமானிதான். கரண்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம், ரிப்பேரே ஆகாது. ஆனால் ஒரே ஒரு குறை. தண்ணீர் வந்து சேர்ந்த பிறகுதான் "தண்ணீர் வந்துவிட்டது" என்று சொல்லும்.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். சீசன்கூடத் தொடங்கவில்லை, கோடை மழை. மதியம் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென்று காட்டாற்று வெள்ளம். அலறி ஓடியவர்களில் பலர் தப்பித்தார்கள். 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். மேலே மலையில் பெய்த மழை கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. விஷயம் இவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 10 லட்சம் லிட்டர் தண்ணீர். 50 மில்லிமீட்டர் கொட்டினால் 5 கோடி லிட்டர். அதில் ஒரு பகுதியை மண்ணும் மரமும் குடித்துவிடும். மீதி முழுக்க ஒரு குறுகிய பாறை வழியாக இறங்கியாக வேண்டும். மழை விழுவதற்கும் அருவியில் தண்ணீர் பெருகுவதற்கும் நடுவில் கிடைக்கும் கொஞ்ச நேரம்தான் உயிர் பிழைக்கும் நேரம். அந்த நேரத்துக்குள் மலை கீழே பேச வேண்டும். எப்படிப் பேசும்?

இதற்கான கருவிகள் ஒன்றும் புதிதல்ல. மழையை அளக்க, தராசு மாதிரி இரண்டு பக்கமும் சாயும் ஒரு சின்ன வாளி. 0.2 மில்லிமீட்டர் மழை சேர்ந்ததும் ஒரு பக்கம் சாய்ந்து கொட்டிவிடும். ஒவ்வொரு சாய்வுக்கும் ஒரு மின்துடிப்பு. அதை எண்ணிக் குறித்து வைப்பது டேட்டா லாகர். கணக்குப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்களேன். மணிக்கு 60 மில்லிமீட்டர் வேகத்தில் மழை கொட்டினால் வாளி 12 வினாடிக்கு ஒருமுறை சாயும்.

இந்தக் கணக்குப்பிள்ளையிடம் போனில் பேச ஒரு மோடம். வழக்கமான முறையில் ஆபீஸ் கம்ப்யூட்டர்தான் போன் போடும். நம் நாட்டில் தினசரி மழையளவு காலை 8.30 மணிக்கு எடுக்கப்படுகிறது. அதே நேரத்துக்குக் கம்ப்யூட்டர் கூப்பிட்டு 24 மணி நேரக் கணக்கை வாங்கிக்கொண்டு வைத்துவிடலாம். ஆயிரம் எழுத்து இருந்தாலும் அந்தக்காலத்து 1200 பிட் வேக மோடத்தில் எட்டு ஒன்பது வினாடி வேலை. ஆராய்ச்சிக்கு இது போதும். ஆனால் மதியம் 2 மணிக்குக் கொட்டிய மழை மறுநாள் காலை 8.30க்குத் தெரிந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

எனவே முறையைத் திருப்பிப் போட வேண்டும். கேட்டால் சொல்லும் லாகர் போதாது, கேட்காமலே கூப்பிடும் லாகர் வேண்டும். 1980களில் வந்த கேம்ப்பெல் சயின்டிஃபிக் நிறுவனத்தின் சிஆர்10 லாகரிலேயே இதற்கென்று தனிக் கட்டளை உண்டு, எண் 97. எத்தனை முறை முயல வேண்டும், எவ்வளவு நேரம் விட்டு முயல வேண்டும் என்பதையெல்லாம் அதில் கொடுத்துவிடலாம்.

குற்றாலம் மலைக்கு இப்படி ஒரு புரோகிராம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். டயல் செய்வது ஒரே வரி. 'ஏடிடிடி' என்று போட்டு நம்பரைக் கொடுத்தால் மோடம் சுழற்றிவிடும். தலைவலி மற்றதில்தான்.

முதல் தலைவலி, எப்போது கூப்பிடுவது? "இன்று 20 மில்லிமீட்டர் தாண்டினால்" என்று எழுதினால் ஜூன், ஜூலை சாரலுக்கு தினமும் மணி அடிக்கும். நாலு நாளில் 'புலி வருது' கதையாகி, அஞ்சாவது நாள் யாரும் எடுக்க மாட்டார்கள். மொத்த மழையைவிட வேகம்தான் முக்கியம். "கடைசி 15 நிமிடத்தில் எவ்வளவு" என்று பார்க்க வேண்டும். அதோடு, ஒரு வாரம் சாரலில் ஊறிய மண் இனிமேல் குடிக்காது. அப்போது வரம்பைக் குறைக்க வேண்டும்.

இரண்டாவது, லைன் பிஸி என்றால்? ஒரு நிமிடம் விட்டு மறுபடி. அதுவும் இல்லையென்றால் அடுத்த நம்பர். மறுமுனை "கிடைத்தது" என்று பதில் அனுப்பும்வரை லாகர் விடக்கூடாது. போன் எடுக்கப்பட்டது வேறு, செய்தி போய்ச் சேர்ந்தது வேறு.

மூன்றாவதுதான் பெரியது. போன் வரவில்லை. அப்படியென்றால் மழை இல்லையா, லாகரே இடி விழுந்து செத்துப்போச்சா? இரண்டு மௌனமும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் தினமும் ஒருமுறை, மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், "உள்ளேன் ஐயா" சொல்லவைக்க வேண்டும். அது வராத நாள் ஆள் மலையேறிப் பார்க்க வேண்டிய நாள்.

காட்டுக்குள் போன் கம்பி ஏது என்று கேட்கலாம். செல்போன் மோடமும் இதே ஏடி கட்டளைகளைத்தான் கேட்கும். சிக்னல் கிடைக்கும் இடத்தில் எஸ்எம்எஸ் போதும். அவ்வளவு ஏன், நம்மூர் மிஸ்டு கால் போதும்! எந்த நம்பரிலிருந்து மணி அடித்தது என்பதே செய்தி. சிக்னலே இல்லாத இடங்களுக்குச் செயற்கைக்கோள் இருக்கிறது. இன்சாட் வழியாக அனுப்பும் வானிலை நிலையங்களின் தகவலை வானிலைத் துறை புனேயில் வாங்கியது. அதில் ஒரு வகை நிலையம் ஒரே தகவலைச் சில நிமிட இடைவெளியில் மூன்று தடவை அனுப்பும். பதில் கேட்க வழியில்லாதவன் மூன்று தடவை சொல்லித்தானே ஆகவேண்டும்.

இத்தனையும் சரியாக வேலை செய்தாலும் கடைசி நூறு மீட்டரை எந்த மோடமும் கடக்காது. தென்காசியில் ஒரு அறையில் மணி அடித்தால் பழைய குற்றாலத்தில் விசில் கேட்க வேண்டும். நடுவில் யார் எடுப்பார், ஞாயிற்றுக்கிழமை யார், அவர் யாருக்குச் சொல்வார், அனுமதி கேட்காமல் விசில் ஊத யாருக்கு அதிகாரம்? இந்தப் பட்டியலையும் புரோகிராமின் ஒரு பகுதியாகவே எழுதிவைக்க வேண்டும். மற்ற வரிகளில் தப்பு இருந்தால் திருத்திவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். இந்த வரிகளில் தப்பு இருந்தால், வெள்ளம் வந்த அன்றுதான் தெரியும்.