ஒரு சொல் எட்டு மாதம் பீரோவில் கிடந்தது



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் ஒரு கடிதத்தை அனுப்பிவிட்டுப் போன் செய்தாள். கணவர் தவறிப் பத்து மாதம் ஆகிறது. ஆயுள் காப்பீட்டுப் பணம் கேட்டதற்கு வந்த பதில் அது. “சார், ரிப்யூடியேட்டட்னு போட்டிருக்கே, பரிசீலனையில இருக்குன்னு அர்த்தமா?” என்றாள். அப்படி நினைத்து எட்டு மாதமாகக் கடிதத்தைப் பீரோவில் வைத்திருக்கிறாள்.

அர்த்தம் அதுவல்ல அம்மா. “உனக்குத் தர வேண்டிய பொறுப்பே எங்களுக்கு இல்லை” என்று கைகழுவுவதுதான் ரிப்யூடியேட்.

வகுப்பில் சொல்வது போலவே சொல்கிறேன். ‘டினை’ என்றால் இல்லை என்பது. ‘ரெஃப்யூஸ்’ என்றால் செய்யமாட்டேன் என்பது. ‘ரிப்யூடியேட்’ என்றால் அந்தக் கடமையே என்னைக் கட்டாது என்று தள்ளிவிடுவது. ரோமானியர் மண உறவை ஒருவர் முறித்துத் தள்ளுவதை லத்தீனில் ‘ரெபூடியும்’ என்றார்கள், அதுதான் வேர். 1918-இல் போல்ஷெவிக் அரசு, ஜார் மன்னர் வாங்கிய கடன் எங்களைச் சேராது என்று அறிவித்ததற்கும் வரலாற்று நூல்களில் இதே சொல்தான்.

இவள் விஷயத்தில், சர்க்கரை நோயை மறைத்துப் பாலிசி எடுத்தார் என்பது கம்பெனியின் வாதம். பாலிசி எடுத்து இரண்டரை வருடம் ஆகியிருந்தது. சர்க்கரை தெரியவந்ததோ பாலிசி எடுத்த பிறகு. தேதி போட்ட லேப் ரிப்போர்ட் வீட்டில் இருக்கிறது.

எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டம், பிரிவு 45. ஆயுள் பாலிசி மூன்று வருடம் தாண்டிவிட்டால் எந்தக் காரணம் சொல்லியும் அதைக் கேள்வி கேட்க முடியாது. நடுவில் காலாவதியாகிப் புதுப்பித்திருந்தால் புதுப்பித்த தேதியிலிருந்து எண்ண வேண்டும். மூன்று வருடத்துக்குள் என்றால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மோசடி என்று சொல்லாமல், தகவலை மறைத்தார் என்று மட்டும் சொல்லித் தள்ளினால், கட்டிய பிரீமியத்தை 90 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும்.

முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ஒரு வருடத்துக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம், அதாவது இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம், மனு கொடுக்கலாம். சென்னையில் அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

இன்னொரு சொல்லையும் சேர்த்துப் படியுங்கள்: ‘ரெஃப்யூட்’. பலர் இதை வெறும் மறுப்பு என்று நினைக்கிறார்கள். ஆதாரம் காட்டித் தவறென்று நிரூபிப்பதுதான் ரெஃப்யூட். கம்பெனி ரிப்யூடியேட் செய்துவிட்டது. நாம் ரெஃப்யூட் செய்ய வேண்டும். லேப் ரிப்போர்ட்டை இணைத்துக் குறைதீர்ப்பு அதிகாரிக்குக் கடிதம் நேற்றுப் பதிவுத் தபாலில் போய்விட்டது. பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

உங்கள் வீட்டிலும் புரியாத ஆங்கிலக் கடிதம் ஏதாவது கிடந்தால் கூச்சப்படாமல் அனுப்புங்கள். ரிட்டயர்ட் ஆனாலும் அர்த்தம் சொல்லும் வேலையிலிருந்து நான் ஓய்வு பெறவில்லை.

அன்புடன்,
உங்கள் இங்கிலீஷ் சார்