சத்தம் கேட்டால் நிறுத்துங்கள்

சுங்கைப்பட்டாணியில் கடைவரிசை ஒன்றின் மேல்மாடியில் இருக்கிறது அந்தப் பட்டறை. கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து கோப்புகளை மீட்டுத் தருவது அங்கே தொழில். வருகிற டிஸ்க்கை யாரும் உடனே கணினியில் சொருகிப் பார்ப்பதில்லை. முதலில் விசாரணைதான். கீழே விழுந்ததா? தண்ணீர் பட்டதா? சத்தம் வந்ததா? வந்த பிறகும் எத்தனை தடவை ஆன் செய்து பார்த்தீர்கள்? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலிலேயே பாதி முடிவு தெரிந்துவிடும் என்றார் பட்டறைக்காரர். பீடோங் பக்கத்துத் தோட்டமொன்றில் மரம் சீவிய பெற்றோரின் மகன் அவர்.

நான் போயிருந்த அன்று, கூலிமிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் துண்டில் சுற்றிய டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். சயாம் ரயில் பாதைக்குப் போய் உயிரோடு திரும்பிய தோட்டத்து முதியவர்கள் சிலரின் குரல் அதில் இருந்தது. ஜப்பானியர் காலத்தில் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அந்த வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் நீளப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தபோது, போனவர்களில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. திரும்பியவர்களை ஆசிரியர் வீடு வீடாகத் தேடிப்போய்க் கேசட்டில் பதிவு செய்தார். பிறகு கணினிக்கு மாற்றினார். கேசட்டுகளில் பூஞ்சை பிடித்ததும் வீட்டில் தூக்கிப் போட்டுவிட்டார்கள். பேசியவர்களில் ஒருவரும் இன்று இல்லை.

“ஓடிக்கிட்டு இருக்கும்போது மேசையிலருந்து விழுந்துருச்சு தம்பி. டக்கு டக்குனு சத்தம் வந்துச்சு. பேரன் நாலஞ்சு தடவ போட்டுப் பாத்தான்.”

“இனிமே போடாதீங்கய்யா. வீட்டுக்குப் போய்ப் பசியாறுங்க. நான் கூப்பிடறேன்.”

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே கண்ணாடிபோல் வழவழப்பான காந்தத் தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அவற்றைப் படிக்கும் ஹெட், தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு தூசிகூட நுழைய முடியாது. சுழலும்போது டிஸ்க் விழுந்தால் ஹெட் தட்டில் மோதி வளைகிறது. வளைந்த ஹெட்டோடு மறுபடி மறுபடி ஆன் செய்தால் அது காந்தப் பூச்சையே சுரண்டி எடுக்கிறது. சுரண்டிப் போன இடத்தில் இருந்ததை உலகத்தில் யாராலும் மீட்க முடியாது.

சுழலாமல் இருக்கும் டிஸ்க் எவ்வளவு தாங்கும் என்பதற்குக் கொலம்பியா விண்கலத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். 2003 பிப்ரவரி 1-ஆம் தேதி அது டெக்சஸ் வானில் சிதறியபோது, ஆய்வுத் தரவு பதிந்திருந்த ஒரு சீகேட் டிஸ்க்கும் தரையில் விழுந்தது. வெளிப்பாகம் கருகி உருகியிருந்தது. ஆனால் விழுந்தபோது தட்டுகள் சுழலவில்லை. அமெரிக்காவின் கிரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தார் தட்டுகளைக் கழுவி வேறு உடலில் பொருத்தி, ஏறக்குறைய எல்லாத் தரவையும் எடுத்துவிட்டார்கள். அந்த ஆய்வின் முடிவு 2008-இல் வெளியானது. வானத்திலிருந்து விழுந்தது பிழைத்தது. மேசையிலிருந்து விழுந்த பிறகு நாலைந்து முறை ஆன் செய்யப்பட்டதுதான் இப்போது ஆபத்தில் கிடந்தது.

ஹெட் மாற்றுகிற வேலையை லூனாஸிலிருந்து வரும் ஒரு அக்கா செய்கிறார். பள்ளி முடித்ததும் தொழிற்சாலை பஸ் ஏறி, பாயான் லெப்பாஸில் மைக்ராஸ்கோப்புக்குக் கீழே ஹெட் கோக்கும் வரிசையில் வேலை செய்தவர். 1990-களில் கெடாத் தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் பெண்பிள்ளைகள் விடியுமுன் அந்த பஸ்களுக்காகக் காத்து நின்றதைப் பார்த்தவர்கள் பலர் இருப்பார்கள். பினாங்கில் ஹெட் செய்தார்கள். 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பூங்காவில் காந்தத் தட்டு செய்தார்கள். உலகத்துக் கணினிகளின் நினைவாற்றலில் ஒரு பங்கு நம் பெண்களின் விரல்நுனியில் உருவானது. அதை நாம் போதுமான அளவு சொன்னதே இல்லை என்பது என் கருத்து.

வடிகட்டிய காற்று தொடர்ந்து வீசும் கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு அக்கா வேலை செய்தார். ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானோ அதற்கு மேலோ உள்ள தூசி நூறைத் தாண்டக் கூடாது என்பது அந்தப் பெட்டிக்கு விதி. மூடியைத் திறந்ததும் அவர் தட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். விளிம்போரம் மெல்லிய வளையமாக ஒரு கீறல். “இது போனது போனதுதான்” என்றார். பிறகு அதே மாடல், முடிந்தவரை அதே மாதத்தில் அதே ஆலையில் செய்த நல்ல டிஸ்க் ஒன்றைத் திறந்தார். டோனர் என்பார்கள் அதை. ஹெட்டுகள் ஒன்றையொன்று தொட்டால் இரண்டும் பாழ். அதனால் சிறு பிளாஸ்டிக் சீப்பை நுழைத்துப் பிரித்துப் பிடித்தபடி, ஒரு டிஸ்க்கிலிருந்து கழற்றி மற்றதில் இறக்கினார். மூச்சு பெட்டிப் பக்கம் போகாமல் தலையைத் திருப்பிக்கொண்டுதான் பேசினார்.

மின்சுற்றுப் போர்டு எரிந்துபோன டிஸ்க்குகளும் வருகின்றன. இடி மின்னல் காலத்தில் அதிகம். அதே மாடல் போர்டை வாங்கி மாட்டினால் சரியாகிவிடும் என்று யூடியூப் பார்த்து முயன்றவர்கள் ஏமாந்து வருவார்கள். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் உரிய அளவுகள் அதன் போர்டில் ஒரு சிறு சிப்பில் பதிந்திருக்கின்றன. அந்தச் சிப்பையும் பெயர்த்துப் புதுப் போர்டில் பற்றவைக்க வேண்டும்.

ஹெட் மாறியதும் ஆசிரியரின் டிஸ்க் சுழன்றது. உடனே கோப்புகளைத் திறந்து பார்க்கவில்லை. டிஸ்க் முழுவதையும் அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுப்பதுதான் முதல் வேலை. டிடி-ரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளும் இதைச் செய்யும். இவர்களிடம் அதற்கென்றே விலை கூடிய ரஷ்யக் கருவி ஒன்றும் உண்டு. இரண்டிலும் முறை ஒன்றே: சுலபமாகப் படிக்க முடிகிற இடங்களை முதலில் அள்ளிக்கொள்வது, அடம்பிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்துவிட்டுக் கடைசியில் திரும்பி வருவது. மாற்றிய ஹெட் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று உத்தரவாதம் இல்லை. இரவெல்லாம் யாராவது ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

ஆசிரியரின் பதிவுகளில் பெரும்பாலானவை வந்தன. இரண்டு முதியவர்களின் பேச்சு அந்த வளையத்தோடு போய்விட்டது. மீண்டவற்றிலும் பல, பெயரிழந்து வெறும் எண்களாக நின்றன. யார் குரல் எது என்று ஆசிரியர் காதால் கேட்டுத்தான் அடையாளம் காண வேண்டும். தட்டச்சு செய்த குறிப்புகள் முழுசாகக் கிடைத்தும் திரையில் புரியாத குறிகளாகத் தெரிந்தன. யூனிகோட் பரவுமுன் பழைய எழுத்துருவில் அடித்தவை அவை. பட்டறைக்காரர் அந்த எழுத்துருவைத் தேடிப் பிடித்துப் போட்டபோதுதான் தமிழ் தெரிந்தது. இதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங்கில் மலைவெள்ளம் வந்து மூன்று உயிர்களைக் கொண்டுபோனது. அதன் பிறகு சேறு புகுந்த டிஸ்க்குகளும் இங்கே வந்தன. நனைந்த டிஸ்க்கை வெயிலில் காயவைக்கக் கூடாது, அரிசியில் புதைக்கக் கூடாது என்கிறார்கள். சேறு தட்டிலேயே காய்ந்து இறுகிவிடும். ஈரத்துணியோடு பையில் கட்டி, மின்சாரம் கொடுக்காமல் கொண்டுவர வேண்டும். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியில் கோப்பை அழித்துவிட்டு வருபவர்களின் கதை வேறு. அதில் அழித்த கோப்பை டிரிம் என்ற ஏற்பாடு பின்னணியில் துடைத்துவிடுவதால், பெரும்பாலும் கைவிரிக்கத்தான் முடிகிறது.

இந்த டிஸ்க்குகள் நமக்கு ஏன் முக்கியம்? தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிந்து, ரப்பர் நின்ற இடத்தில் செம்பனையும் தாமான்களும் வந்துவிட்டன. தோட்டத்து ஆள்கணக்கு எழுதிய செக்ரோல் புத்தகங்களை நமக்காக யாரும் எடுத்துவைக்கவில்லை. நம் குடும்பங்களிடம் இருக்கும் படமும் குரலும் பிறப்புப் பத்திர நகலும்தான் ஆவணம். 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் எரிந்தன. அந்த இழப்பை அறிந்தவர்கள் 2005-இல் நூலகம் திட்டத்தைத் தொடங்கி ஈழத்து ஆவணங்களை மின்பிரதியாக்கி வருகிறார்கள். கெடாவுக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

அதுவரை வீட்டளவில் செய்யக்கூடியது இது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்றாவது வேறு ஊரில். பீட்டர் குரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய இந்த முறை எல்லாருக்கும் பொருந்தும். கைபேசி தானாகக் கூகுளோடு ஒத்திசைவது மட்டும் போதாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும். பட்டறையில் ஹெட் மாற்றப் பல நூறு வெள்ளி ஆகும், சிலவேளை ஆயிரத்தைத் தாண்டும். புது டிஸ்க் அதில் ஒரு பகுதி விலைதான். இந்த வாரமே ஒன்று வாங்குங்கள். எல்லாவற்றையும் அதில் பிரதி எடுத்து, யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்று கோப்புக்குப் பெயரிட்டு, அலோர் ஸ்டாரிலோ ஈப்போவிலோ இருக்கும் உங்கள் தங்கை வீட்டு அலமாரியில் கொண்டுபோய் வையுங்கள்.