சிவப்பு மையில் ஒரு சொல்

எங்கள் வீட்டுத் தார்சாவில் இருந்த மர அலமாரியைத் திறந்தால் பாச்சை உருண்டையும் பழைய தாளும் கலந்த ஒரு வாசம் வரும். காக்கித்தாள் அட்டை போட்ட அப்பாவின் கையகராதி அதில்தான் இருந்தது. கன்றுக்குட்டியைப் பற்றி நான் எழுதிய பத்து வரிக் கட்டுரைக்குக் கீழே இங்கிலீஷ் சார் சிவப்பு மையில் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தார்: டெரிஃபிக். அதற்காகத்தான் அன்றைக்கு அகராதியை எடுத்தேன்.

‘அச்சத்தை உண்டாக்குகிற’ என்று போட்டிருந்தது. அக்கம்பக்கத்தில் டெரிபிள், டெரிஃபை, டெரர் என்று அதன் பங்காளிகள். எல்லாவற்றுக்கும் திகில், பீதி, கொடுமை. தாயைத் தேடிக் கத்துகிற செவலைக் கன்றைப் படித்து சார் எதற்குப் பயந்தார்? நோட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் சொருகிவிட்டு இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா சொதி வைத்தாள். தேங்காய்ப்பாலும் முருங்கைக்காயும் கொதிக்கிற வாசம், அம்மியில் இஞ்சி நசுங்குகிற சத்தம், அடுப்பு வெக்கையில் சிவந்த அம்மாவின் முகம். முதல் கவளத்தை விழுங்கிய சித்தப்பா கண்ணை மூடிக்கொண்டு, “மைனி, சொதி பயங்கரமா இருக்கு!” என்றார். அம்மா முகம் மலர்ந்துபோனது. நான் சோற்றில் வைத்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

டெரிஃபிக் என்ற சொல்லின் வேர் லத்தீனில் அச்சுறுத்துவது என்பதையும், 1667இல் மில்டன் ‘இழந்த சொர்க்கம்’ காவியத்தில் பாம்பின் பிடரிமயிரைச் சொல்ல அதைப் பயன்படுத்தியதையும், 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அதுவே பாராட்டாகிவிட்டதையும் வளர்ந்த பிறகு படித்தேன். ஈ. பி. ஒயிட் 1952இல் எழுதிய ‘சார்லட்’ஸ் வெப்’ கதையில், பன்றிக்குட்டியைக் கசாப்பிலிருந்து காப்பாற்றச் சிலந்தி தன் வலையில் பின்னுகிற சொற்களில் இதுவும் ஒன்று. அந்த இடம் வந்ததும் எனக்குச் சொதி மணத்தது.

அன்றைக்கு எச்சில் கையோடு ஓடிப்போய், இடது கையால் நோட்டை உருவிக்கொண்டு வந்து சித்தப்பா முன்னால் விரித்தேன்.

“சார் நல்லாருக்குன்னா எழுதிருக்காவ?”

எழுத்துக்கூட்டிப் படித்தவர், “ஏல, பயங்கரமா எழுதிருக்கேன்னுல்லா போட்டிருக்காவ!” என்றார். அம்மா என் தட்டில் இன்னொரு கரண்டி சொதி ஊற்றினாள்.